கை மாறிய ரம்பம்

அந்த வீட்டில் எட்டு மாதமாக ஒரே சண்டை. சொத்துச் சண்டையும் இல்லை, சம்பந்தி சண்டையும் இல்லை. ஒரு மெஷினைப் பற்றிய சண்டை. மரம் அறுக்கிற செயின் ரம்பம் அது. வாங்கிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. ஒரு காலத்தில் பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்த மேல்மூடி வெளுத்துப் போயிருந்தது. கிளப்புவதற்கு இழுக்கிற கயிற்றின் பிடி என்றோ உடைந்து, அந்த இடத்தில் விரல் நீளக் கட்டை ஒன்றைக் கோத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"ஆயுசு முடிஞ்ச மெஷின் இது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும்" என்பார் கணவர்.

"நல்லா ஓடுறதை எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்பாள் மனைவி.

அவரை எல்லோரும் ரம்பக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மரத்தில் ஏறுவதும் அறுப்பதும் அவர் வேலை. கீழே நின்று கயிறு பிடிப்பதும், அறுபட்ட கிளை சுவரிலோ கூரையிலோ விழாமல் இழுத்து இறக்குவதும் அவள் வேலை. அதனால் அவளுக்குக் கயித்தக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட இருபது வயது மூத்த கிழவர்கள்கூட "கயித்தக்கா இருக்காங்களா?" என்றுதான் வாசலில் வந்து நிற்பார்கள்.

செயினைத் தீட்டுவதும் அவள்தான். சாயங்காலமானால் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, மெஷினைக் குறுக்கே கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, உருண்டை அரத்தால் பல்லுக்கு மூன்று இழுப்பு என்று வரிசையாகத் தீட்டிக்கொண்டு போவாள். ஒரு பல் விட்டுப் போகாது. அந்த உரிமையில்தான் அவள் பேசினாள். மெஷினைப் பற்றி அவரைவிடத் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

"அதிருது" என்று அவர் முதல் தடவை சொன்னபோது, செயின் மழுங்கியிருக்கும் என்று இன்னும் நன்றாகத் தீட்டிக் கொடுத்தாள். இரண்டாம் தடவை சொன்னபோது பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். மூன்றாம் தடவை அவளுக்குச் சலித்துவிட்டது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றாள்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. ஆனால் அவர் கோபப்படவில்லை. சிரித்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அதிருகிறது என்ற வார்த்தையை அவர் சொல்லவேயில்லை. "பழசாயிடுச்சு" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார்.

வேறு சில விஷயங்களும் அந்த எட்டு மாதத்தில் நடந்தன. அவள் பார்த்தாள், ஆனால் கோத்துப் பார்க்கவில்லை. எப்போதும் சட்டை போடுகிறவர் திடீரென்று கழுத்து வழியாக மாட்டுகிற பனியனுக்கு மாறினார். "காத்தோட்டமா இருக்கு" என்றார். ஐம்பது வயதில் மாப்பிள்ளைக் கோலமா என்று அவருடைய அக்கா, பக்கத்து வீட்டிலிருந்தபடியே கேலி செய்தாள். காலையில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்தார். சாவி கீழே விழுந்தால் குனிந்து எடுக்காமல் காலால் தள்ளிச் சுவர் ஓரம் கொண்டுபோய், அங்கே சுவரோடு சேர்த்து அழுத்தி எடுத்தார். வயசாகிறது, சோம்பேறித்தனம் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை காலை, அச்சகம் ஒன்றின் பின்சுவரில் சாய்ந்து கிடந்த கிளையை அறுக்கப் போனார்கள். முந்தின நாள் காற்றில் முறிந்த கிளை. ஆள் ஏற வேண்டியதில்லை. தரையில் நின்றே அறுக்கலாம். பத்து நிமிட வேலை. அச்சகக்காரர் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் இருவருக்கும் ஒரு தாளம் உண்டு. அவர் அறுப்பார்; கிளை கடைசி விரற்கடையில் இருக்கும்போது தலையை ஆட்டுவார்; அவள் உள்ளே கால் வைத்து இழுப்பாள்; அந்த நேரம் அவர் விசையை விட்டிருப்பார், செயின் நின்றிருக்கும். பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான தடவை செய்தது. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

அவர் தலையாட்டினார். அவள் கால் வைத்தாள். கிளை பிரிந்தது. ரம்பம் தன் கனத்தில் கீழே இறங்கியது. செயின் நிற்கவில்லை.

அவளுடைய இடது காலணியின் முனை, கத்தியால் சீவியது போலப் பறந்து போய் விழுந்தது. உள்ளே கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலுறை மட்டும் கிழிந்திருந்தது. நெல் அளவு இடைவெளி. அவ்வளவுதான்.

ஜன்னலில் நின்றவர் "ஐயோ!" என்று கத்தினார். மெஷின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. ரம்பக்காரர் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார். அது அவருடைய கை இல்லை என்பது போலப் பார்த்தார். பிறகு இடது கையால் வலது கையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து விசையிலிருந்து எடுத்தார். சத்தம் அடங்கியது.

"சொன்னேன்ல?" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "எத்தனை தடவை சொன்னேன்? இது மெஷின் இல்ல, எமன். விசையை விட்டாலும் நிக்க மாட்டேங்குது."

மீதிக் கிளையைக் கைவாளால் அறுத்து இறக்கினார்கள். வீட்டுக்கு வந்ததும், "சரி, புதுசே வாங்கிடலாம்" என்றாள் அவள். எட்டு மாதச் சண்டை அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. ஆனால் ஜெயித்தவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

மறுநாள் பழைய மெஷினைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்பிரிங்கின் கடைக்குப் போனாள். பழசைக் கொடுத்துப் புதுசுக்கு எவ்வளவு கழிப்பார் என்று கேட்கலாம் என்பது எண்ணம். ஸ்பிரிங் சின்ன எஞ்சின்கள் பழுது பார்க்கிறவர். பேசும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி நிற்பதால் அந்தப் பெயர். கடை என்பது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்துக்குத் தகரம் போட்டது. நெடுகிலும் புல் வெட்டும் மெஷின்கள், தண்ணீர் மோட்டார்கள், கழற்றிப் போட்ட வயிறுகளோடு கிடந்தன.

"விசையை விட்டாலும் செயின் நிக்கலை" என்றாள் அவள், காலணியைக் காட்டி.

ஸ்பிரிங்கின் குதிகால் தரையில் இறங்கியது. மெஷினை வாங்கி, கிளப்பி, விசையை அழுத்தி, பிறகு விரலை எடுத்தார். செயின் நின்றது. மறுபடி அழுத்தி விட்டார். நின்றது. பிரேக்கைத் தள்ளினார், டக்கென்று பிடித்தது. பத்துத் தடவை செய்து பார்த்தார். பத்துத் தடவையும் நின்றது.

"அக்கா, விட்டா நிக்குது. விடாமலிருந்தாத்தான் நிக்காது."

"அவர் விட்டாரு."

"நீங்க பார்த்தீங்களா?"

அவள் தன் காலணியைக் குனிந்து பார்த்தாள். ஸ்பிரிங் மெஷினை அவள் கையில் கொடுத்தார். "இதைக் கொஞ்ச நேரம் பிடிங்க. முழு விசையில."

பதினோரு வருடம் தீட்டிய மெஷின். ஓடும்போது அவள் பிடித்ததே இல்லை. நின்ற பிறகுதான் அது அவள் கைக்கு வரும். அழுத்தினாள். பிடியிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டு மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறிப் பல்வரிசை வரை போய் நின்றது. கடைப்பலகையில் இருந்த ஆணிகள் அவள் கண்ணுக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஒரு நிமிடம்கூடப் பிடித்திருக்க மாட்டாள். கீழே வைத்த பிறகும் உள்ளங்கையில் எறும்பு ஊர்ந்தது.

ஸ்பிரிங் நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பிடியைத் தனியே எடுத்தார். எஞ்சினுக்கும் பிடிக்கும் நடுவில், அதிர்வைத் தாங்குவதற்காக நான்கு ரப்பர் கட்டைகள் இருக்க வேண்டும். இரண்டு கிழிந்து தொங்கின. ஒன்று பொடியாக உதிர்ந்தது. நாலாவது இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"எஞ்சினு தங்கம்" என்றார் அவர். "பிஸ்டன்ல ஒரு கீறல் இல்ல. நீங்க தீட்டுற தீட்டுக்குச் செயினும் பிரமாதம். ஆனா இதை எப்படி மனுஷன் பிடிச்சான்? இரும்போட இரும்பா ஆடியிருக்கு. அண்ணன் ஒண்ணும் சொல்லலையா? விரல் மரத்துப் போகுது, காலையில வெளுத்துப் போகுதுன்னு?"

சொன்னார். மூன்று தடவை சொன்னார். அவள்தான் பழமொழி சொன்னாள்.

"எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேருக்கு இப்படி ஆச்சு" என்றார் ஸ்பிரிங், மெல்ல. "விரல் அழுத்துதா விட்டுச்சான்னு அவங்களுக்கே தெரியாது. முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. புது மெஷினைப் பத்தி அப்புறம் பேசலாம். விக்கிறவனே சொல்றேன்."

மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்தாள். வழியில் அந்தப் பனியன் ஞாபகம் வந்தது. பொத்தான் போட முடியாமல்தான் பனியன். டம்ளரைப் பொத்திப் பிடித்தது, சாவியைக் காலால் தள்ளியது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். அவள் அந்தச் சோற்றையே பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவர் வீட்டில் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"கையைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க சொல்றேன். அந்தப் பக்கம் பாருங்க."

வலது கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தடித்த, காய்த்த விரல்கள். நுனி ஒவ்வொன்றும் சில்லென்றிருந்தது. அவள் சும்மா இருந்தாள்.

"வலிக்குதா?" என்றாள்.

"ம். மெதுவா. வலிக்குது."

"நான் இன்னும் அழுத்தவே இல்லை."

அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"மூணு விரல்" என்றார் சுவரைப் பார்த்தபடி. "இந்தக் கையில மூணு, அந்தக் கையில ரெண்டு. குளிர்ல வெள்ளையாப் போயிடும். சுண்ணாம்பு மாதிரி. அப்புறம் வந்துடும். இப்ப வர்றதில்ல."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? வேலையை விடுன்னிருப்ப. புது மெஷின் வந்தா சரியாயிடும்னு நினைச்சேன். அதுக்குத்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன்." அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். "உன் காலை அறுத்திருப்பேன்."

அவள் அழுதாள். எட்டு மாதத்துக்கும் சேர்த்து அழுதாள். தன்மேல் வந்த கோபமும் அவர்மேல் வந்த கோபமும் எது எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். குண்டூசியால் குத்திப் பார்த்தாள், குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொன்னாள், ஒரு பருத்தி நூலை எடுக்கச் சொன்னாள். அவரால் எடுக்க முடியவில்லை. நரம்பும் ரத்தக்குழாயும் அடிபட்டிருப்பதாகச் சொன்னாள். இப்போதே நிறுத்தினால் இதற்கு மேல் மோசமாகாது. கொஞ்சம் தேறவும் தேறலாம். போனது முழுசாகத் திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள்.

"புது மெஷின் வாங்கிட்டா?" என்று கேட்டார் அவர். அந்தக் கேள்வியை அவர் எவ்வளவு நாளாகக் கையில் வைத்திருந்தார் என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"அதுவும் ஆடும்தானே அப்பா? கம்மியா ஆடும். உங்க கைக்கு அந்தக் கம்மியும் வேண்டாம்."

அவர் தலையாட்டினார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. ஒரு வாரம் அப்படியே போனது. போன் வந்தால் எடுக்க மாட்டார். அவள் எடுத்து, "அவருக்கு உடம்பு சரியில்லை" என்பாள்.

நாத்தனார் தினம் வந்து ஒரு யோசனை சொன்னாள். மெஷினை வித்துடுங்க. காவல் வேலைக்குப் போகட்டும். டீக்கடை போடுங்க. "கை மரத்துப் போனா என்ன, டீ ஆத்துறதுக்கு என்ன உணர்ச்சி வேணும்?" என்றாள். அவளுக்கும் தம்பிமேல் பாசம்தான், வாய்தான் அப்படி.

ஒரு நாள் நாத்தனார் இருக்கும்போதே கயித்தக்கா சொன்னாள்: "நான் அறுக்கிறேன்."

நாத்தனார் வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது. "என்னடி சொல்ற? அது ஆறு ஏழு கிலோ இருக்கும்!"

"அறுத்துப் போட்ட துண்டெல்லாம் என்ன பஞ்சுன்னு நினைச்சீங்களா அண்ணி? பதினோரு வருஷமா யார் தூக்கினது?"

மூலையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "மாத்த வேண்டியது மெஷினை இல்ல, ஆளைத்தான்னு முடிவு பண்ணிட்ட" என்றார்.

அது சிரிப்பா குத்தலா என்று தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

"ஏறுறதுக்கு இப்போதைக்கு ஆள் வெச்சுக்கலாம். தரை வேலை நான் பார்க்கிறேன். மரம் எந்தப் பக்கம் சாயும்னு எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் அவள்.

"அந்த மெஷினை நீ தொடக்கூடாது."

"ஏன்?"

"என் கையைத் தின்னது போதும். புதுசு வாங்கு. லேசானதா வாங்கு."

இப்படியாக அதே சண்டை மறுபடி ஆரம்பித்தது. ஆனால் இந்தத் தடவை அதில் வேறு ஒன்று இருந்தது. அவர் தனக்காகக் கேட்கவில்லை. அவளும் பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை. அந்த மெஷினின் ஒவ்வொரு பல்லும் அவளுக்குத் தெரியும், புதிதில் ஒன்றும் தெரியாது. பயத்தோடு தொடங்குகிறவளுக்குத் தெரிந்த பொருள் கையில் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். இருவரும் பேசிப் பேசி ஓய்ந்து, கடைசியில் சேர்ந்தே ஸ்பிரிங்கிடம் போனார்கள்.

ஸ்பிரிங் மெஷினைத் தயாராக வைத்திருந்தார். நான்கு ரப்பரும் புதிது. பிரேக்கின் உள்ளே இருந்த கம்பிச்சுருளும் புதிது. கயிற்றுக்கு ஒழுங்கான பிடிகூட மாட்டியிருந்தார். இருவர் கட்சியையும் பொறுமையாகக் கேட்டார்.

"புதுசு வேணும்னா இப்பவே தர்றேன், அண்ணே. ஆனா உங்க கையைக் கெடுத்தது பழசுங்கிறதால இல்ல. ரப்பரை யாரும் பார்க்காததால. புதுசுலயும் ரப்பர்தான் இருக்கு, அதுவும் கிழியும். அதையும் யாரும் பார்க்கலைன்னா இதே கதைதான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கழட்டிப் பாருங்க. இருபது நிமிஷம் அறுத்தா பத்து நிமிஷம் வைங்க. அவ்வளவுதான்."

ரம்பக்காரர் கையை நீட்டி மெஷினைக் கேட்டார். அவள் தடுக்கப் போனாள். "பிடிக்க மாட்டேன்" என்றார். ஸ்பிரிங் கிளப்பிப் பெஞ்சின் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் குனிந்து தன் முன்கையின் உள்பக்கத்தை, முழங்கைக்கு அருகில் மெல்லிய தோல் இருக்கிற இடத்தை, பிடியின் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். உணர்ச்சி மிச்சமிருந்த இடம் அது. மருத்துவர்கள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார்களே, அப்படி இருந்தது அவர் நின்றது. இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"ம்" என்றார் நிமிர்ந்து. "வாங்கின புதுசுல இப்படித்தான் இருந்துச்சு." பிறகு அவளைப் பார்க்காமலே, "ரப்பரை நான் பார்த்துக்கிறேன். அதை நீ தொட வேண்டாம்" என்றார்.

முதல் வேலை ஒரு கிடங்கின் முற்றத்தில். வேரோடு சாய்ந்த தூங்குமூஞ்சி மரம், லாரி போகிற வழியை மறித்துக் கிடந்தது. சுமை தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பெண் ரம்பத்தோடு வந்து நிற்பதை ஓசியில் பார்க்கக் கிடைத்தால் யார் விடுவார்கள்?

அவர் மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, அடியில் எங்கே வெற்றிடம் இருக்கிறது, பாரம் எங்கே தாங்குகிறது என்று பார்த்து, சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "இங்க மேலேருந்து மூணில் ஒரு பங்கு. நிறுத்து. அப்புறம் கீழேருந்து."

அவள் மேலேயிருந்து தொடங்கினாள். மரத்தூள் முகத்தில் அடித்தது. கடகடவென்று அது இறங்கிய வேகம் அவளுக்குப் பிடித்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு பாதி ஆனது. அவர் கத்தியது காதில் விழவில்லை. மரம் முனகி, வெட்டுவாய் மூடி, செயின் ஓடுகிற தகட்டை அப்படியே கவ்விக்கொண்டது. மெஷின் அணைந்தது. இழுத்தாள், அசையவில்லை.

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "மரத்துக்குப் பசிபோல!" என்றான் ஒருவன்.

அவளுக்குக் காது வரை சுட்டது. அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தாள். அவர் இரண்டு ஆப்புகளையும் சம்மட்டியையும் எடுத்துவந்தார். சம்மட்டியை உள்ளங்கையால் இறுக்கிப் பிடிப்பதற்கு விரல் நுனி தேவையில்லை. நாலு அடியில் வெட்டுவாய் திறந்தது.

"எனக்கு முதல் நாள் ரெண்டு தடவை மாட்டிச்சு" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நீ ஊர்ல அப்பா வீட்டுக்குப் போயிருந்த. அதனால உனக்குத் தெரியாது."

"இவ்வளவு வருஷமா சொல்லலையே?"

"சொல்லாம இருக்கிறதுல நான் கெட்டிக்காரன்தானே."

அவள் சிரித்துவிட்டாள். கோட்டைத் தாண்டாமல் கீழேயிருந்து அறுத்தாள். துண்டு சொன்ன இடத்தில் விழுந்தது. மத்தியானத்துக்குள் வரிசை கலைந்து, சிரித்தவர்களே துண்டுகளை உருட்ட வந்தார்கள். லாரி வெளியே போனது.

ஒரு வருடம் ஆகிறது இப்போது. அவருடைய இடது கையில் ஒரு விரலுக்கு ஓரளவு சூடு திரும்பியிருக்கிறது. மற்றவை அப்படியேதான். சில நாள் எரிச்சலாக இருப்பார். அவள் அறுக்கிறதைப் பார்க்கப் பிடிக்காமல் வெளிக்கதவருகே போய் நின்றுகொள்வார். அந்த நாட்களில் அவள் கூப்பிட மாட்டாள். மரத்தின் முன் நின்று காத்திருப்பாள். அவர் சொல்லாமல் முதல் வெட்டுப் போட அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது, இருந்தாலும் காத்திருப்பாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரப்பரைக் கழற்றுவார். திருகாணி கையிலிருந்து நழுவி நழுவி விழும். அரை மணி நேர வேலை அவருக்கு ஒரு காலை முழுக்க ஆகும். அவள் உதவிக்குப் போவதில்லை.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்து மரம். மேலே எல்லாம் இறக்கியாகிவிட்டது; முழங்கால் உயர அடிமரத்தைத் தரையோடு அறுக்கிற கடைசி வெட்டு, கையகலம்தான் பாக்கி. இருபது நிமிடம் ஆனதும் அவர் விசில் அடித்தார்.

"இன்னும் ஒரு நிமிஷம்தாங்க!" என்று கத்தினாள்.

அவர் மறுபடி அடித்தார். அவள் வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே மெஷினை அணைத்து, தரையில் வைத்துவிட்டு, அறுபடாமல் நின்ற அந்த அடிமரத்தின்மேலேயே ஏறி உட்கார்ந்தாள். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியை அவளே திறந்தாள்.